வக்கீலும் கேலக்டஸும்: கிராஸ்ஓவர் சண்டை கேமைத் தனியாக ஆடுவதா, ஆன்லைனிலா?

மார்வெல் காமிக்ஸ் ஆட்களும் கேப்காம் நிறுவனத்தின் கேம் ஆட்களும் மூன்று மூன்று பேராக மோதுகிற கேம், 2011 நவம்பரில் வந்த அல்டிமேட் மார்வெல் வெர்சஸ் கேப்காம் 3. அதில் ஒரு வக்கீல் உண்டு. பெயர் பீனிக்ஸ் ரைட். நீலக் கோட்டு, சிவப்பு டை, பின்னால் ஈட்டி ஈட்டியாக நிற்கிற முடி. கேப்காமின் கோர்ட் கேம்களிலிருந்து வந்தவர். அடிதடிக்கும் அவருக்கும் சம்பந்தமே கிடையாது. காகிதத்தை வீசுவார், தடுமாறுவார், அவர் அடிக்கிற அடியெல்லாம் தெரியாமல் கை பட்டுவிட்டது போலவே இருக்கும். ஆனால் சண்டைக்கு நடுவிலேயே நின்று ஆதாரம் தேடுவார். கிடைப்பதில் சிலது குப்பை. உருப்படியான ஆதாரம் மூன்று சேர்ந்துவிட்டால் கோர்ட்டில் வாதாடுகிற தோரணைக்கு மாறி, விரலை நீட்டி, ‘ஆட்சேபணை!’ என்று ஒரு கத்து. அது எதிராளி மேல் பட்டுவிட்டால் கொஞ்ச நேரத்துக்கு அவர் வேறு ஆள்.

இவரை முதல் ஆளாக வைத்து, பின்னால் ஸ்பைடர்மேனையும் ஸ்ட்ரீட் ஃபைட்டரின் ரியூவையும் நிறுத்தி, கம்ப்யூட்டரோடு தனியாக மோதுகிற ஆர்கேட் மோடை முடித்திருக்கிறேன். எதிரில் ஹல்க். கம்ப்யூட்டர் ஓட்டுகிற ஹல்க் சில நேரம் எதையோ மறந்து வைத்தவர் போல இரண்டடி முன்னால் வருவார், இரண்டடி பின்னால் போவார். அந்த இடைவெளி வக்கீலுக்குப் போதும். கடைசியில் கேலக்டஸ். கிரகங்களையே தின்று பசியாறுகிறவர். திரையில் அவருடைய தலையும் கைகளும்தான் கொள்ளும். அவருக்கு எதிரில் கோட்டு போட்ட ஒரு மனிதர் காகிதத்தை வீசிக்கொண்டு நிற்கிறார். தனியாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தேன்.

அதே டீமோடு ஆன்லைனுக்குப் போனேன். முதல் ஆதாரத்தைத் தேட ஆரம்பித்தார் வக்கீல். தேடி முடிக்கவில்லை. எதிராளியின் வெஸ்கர், ரெசிடென்ட் ஈவில் கேமின் வில்லன், மறைந்து என் முதுகுக்குப் பின்னால் முளைத்தார். அடுத்து நான் பட்டனைத் தொட்டு ஏதாவது நடந்தது என்றால், அது ஸ்பைடர்மேன் உள்ளே வந்த பிறகுதான்.

கிராஸ்ஓவர் சண்டை கேம் நமக்கு இரண்டு ஆசை காட்டுகிறது. வேறு வேறு உலகத்து ஆட்கள் எல்லாரும் ஒரே மேடைக்கு வருவார்கள் என்பது ஒன்று. அந்த மேடையில் நிஜமான சண்டை நடக்கும் என்பது இன்னொன்று. பல வருடம் இரண்டு பக்கமும் ஆடிய பிறகு எனக்குத் தோன்றுவது, முதல் ஆசை தனியாக ஆடும்போதுதான் நிறைவேறுகிறது, இரண்டாவது ஆன்லைனில்தான். இரண்டையும் ஒரே இடத்தில் தேடுகிறவர்தான் நாலே நாளில் கேமை மூடி வைக்கிறார்.

கூட்டம் யாருக்காக?

1994-ல் எஸ்என்கே நிறுவனம் ஃபேட்டல் ஃப்யூரி, ஆர்ட் ஆஃப் ஃபைட்டிங் என்ற தன் இரண்டு தொடர்களின் ஆட்களைச் சேர்த்து தி கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ் '94-ஐக் கொண்டுவந்தது. 1996-ல் கேப்காம் அடுத்த வீட்டு ஆட்களையே கூட்டிவந்தது: எக்ஸ்-மென் வெர்சஸ் ஸ்ட்ரீட் ஃபைட்டர். அதற்குப் பிறகு தலைக்கணக்கே ஒரு போட்டியாகிவிட்டது. 2000-ல் மார்வெல் வெர்சஸ் கேப்காம் 2 வந்தபோது 56 பேர். 2018 டிசம்பரில் வந்த நின்டெண்டோவின் சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் அல்டிமேட், பிறகு காசு கொடுத்துச் சேர்த்துக்கொள்கிற ஆட்களையும் எண்ணினால் 89-ல் போய் நின்றது.

இத்தனை பேரும் ஆன்லைனில் இருக்கிறார்களா? பெயருக்கு இருக்கிறார்கள். மார்வெல் வெர்சஸ் கேப்காம் 2-ஐ ஜெயிப்பதற்காக ஆடுகிறவர்களிடம் போய்ப் பாருங்கள்: ஸ்டார்ம், மேக்னீட்டோ, சென்டினல், கேபிள். இந்த நாலு பேரில் ஒருவராவது இல்லாத டீமை நீங்கள் அபூர்வமாகத்தான் பார்ப்பீர்கள். அவர்களுக்குப் பின்னால் நின்று கூப்பிட்டால் வந்து ஒரு அடி அடித்துவிட்டுப் போக சைக்ளாப்ஸோ கேப்டன் கமாண்டோவோ. மீதிப் பேர் தேர்வுத் திரையில் அழகுக்கு நிற்கிறார்கள். இதில் ஆடுகிறவர்கள் மேல் குற்றமில்லை. ஜெயிக்கத்தானே வந்திருக்கிறார்கள்.

தனியாக ஆடும்போது அந்தத் தேர்வுத் திரை முழுவதும் உயிரோடு இருக்கிறது. இதில் ஸ்மாஷ் அல்டிமேட்டை மிஞ்ச ஆளில்லை. அதன் கிளாசிக் மோடில் ஒவ்வொரு கேரக்டருக்கும் தனி வழி போட்டிருக்கிறார்கள். ரியூவை எடுத்தால், எதிராளியை மேடையிலிருந்து தூக்கி எறிகிற ஸ்மாஷ் விதியே மாறி, அவர் வீட்டு வழக்கப்படி உயிர்க்கோட்டைத் தீர்க்கிற சண்டையாகிவிடும். கேசில்வேனியா கேமின் பேய் வேட்டைக்காரர் சைமன் பெல்மாண்டை எடுத்தால் பயணம் டிராகுலாவில் போய் முடியும். வேர்ல்ட் ஆஃப் லைட் என்கிற கதை மோடிலோ, எல்லாரும் பிடிபட்டுப்போய் கிர்பி ஒருவர் மட்டும் தப்பிக்கிறார். அங்கிருந்து ஒவ்வொருவராக மீட்க வேண்டும். கூடவே ஆயிரத்துக்கும் மேற்பட்ட ‘ஸ்பிரிட்’கள். சண்டை போட இடம் கிடைக்காத பழைய கேம் ஆட்களை, இருக்கிற வீரர்களுக்கு நிறம் மாற்றி, உருவத்தைப் பெருக்கி, தரையில் தீ வைத்து, ஏதோ ஒரு விதத்தில் நினைவுபடுத்திவிடுகிறார்கள். சிறு வயதில் ஆடிய கேமின் ஓரத்தில் நின்ற ஒரு துணை ஆள் திடீரென்று வந்து நிற்கும்போது, அட, இவரா என்று கை ஒரு நொடி நிற்கும். ஆன்லைனில் அப்படிக் கை நின்றால் அவ்வளவுதான்.

அல்டிமேட் மார்வெல் 3-ல் நீங்களே கேலக்டஸாக நின்று மற்றவர்களை நசுக்கவும் ஒரு மோட் இருக்கிறது. நியாயம் என்ற பேச்சே அங்கே கிடையாது. எதிரில் மனிதர் இல்லாததால்தான் அப்படி ஒன்றை வைக்கவே முடிகிறது.

பொம்மையும் ஆளும்

சரி, சண்டை? இங்கே தனி ஆட்டம் தோற்றுவிடுகிறது, கொஞ்சநஞ்சமாக அல்ல.

கம்ப்யூட்டருக்குப் பயம் கிடையாது. சண்டை கேமில் பாதி ஆட்டமே எதிராளியின் பயத்தை வைத்துத்தான். தாவி உதைத்து, இறங்கியதும் காலை வாருவதை எடுத்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டரிடம் இது ஐம்பது தடவை பலிக்கும், ஐம்பத்தோராவது தடவையும் பலிக்கும். ஒரு மனிதரிடம் முதல் தடவை பலிக்கும். இரண்டாவது தடவை பாதி பலிக்கும். மூன்றாவது தடவை அவர் கீழே தடுக்கத் தயாராகக் குனிந்து காத்திருப்பார். அப்போதுதான் காலை வாராமல், கிட்டே போய்ப் பிடித்துத் தூக்கி எறிய வழி திறக்கிறது. முதல் இரண்டு அடியும் மூன்றாவதுக்கான முதலீடு. பொம்மையிடம் முதலீடு செய்ய முடியாது. அதற்கு நேற்றைய கணக்கு ஞாபகம் இருக்காது.

‘கஷ்டத்தை ஏற்றி ஆடு’ என்பார்கள். ஏற்றிப் பார்த்தேன். ஏற்ற ஏற்ற கம்ப்யூட்டருக்குப் புத்தி வருவதில்லை, கை வேகம்தான் வருகிறது. பல கேம்களில் அது உங்கள் பட்டனையே படித்துவிடுகிறது. நீங்கள் தீப்பந்தை விட்ட அதே நொடி எதிராளி காற்றில் இருப்பான். மனிதக் கண்ணால் அப்படிப் பார்த்துத் தாவ முடியாது. எஸ்என்கே கேம்களின் கடைசி ஆட்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ் '94-ன் கடைசி ஆளான ருகாலிடம் அடி வாங்கியவர்களுக்கு ‘எஸ்என்கே பாஸ்’ என்ற சொல்லே ஒரு வசவு மாதிரி. இப்படிப்பட்ட எதிராளியிடம் கற்றுக்கொள்கிற பாடங்கள் ஆன்லைனில் உதவாது என்பது போகட்டும், கெடுக்கவே செய்யும். தீப்பந்து விடக்கூடாது, முதலில் தாக்கக்கூடாது, அவன் தவறு செய்கிற வரை மூலையில் காத்திருக்க வேண்டும் என்றெல்லாம் கை பழகிவிடும். ஆர்கேட் மோடைக் கடைசிக் கஷ்டத்தில் முடித்த தைரியத்தில் ஆன்லைனுக்குப் போய், முதல் பத்து ஆட்டத்தில் பத்தும் தோற்ற ஒருவரை எனக்கு நன்றாகத் தெரியும். தினமும் காலையில் அவருக்குத்தான் பல் தேய்த்துவிடுகிறேன்.

நடுவில் ஒரு ஜாதி உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஸ்மாஷ் அல்டிமேட்டில் அமீபோ என்கிற, உள்ளே சிப் வைத்த நின்டெண்டோ பொம்மையைக் கண்ட்ரோலரில் தொட்டு, கேமுக்குள் வளர்க்கலாம். ஐம்பதாவது லெவல் வரை ஆடி ஆடிப் பழகிக்கொள்ளும். என்னைப் போலவே தேவையில்லாமல் தாவுகிற ஒன்றை வளர்த்துவைத்திருக்கிறேன். கண்ணாடி பார்ப்பது போல இருக்கிறது, அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

வெஸ்கர் ஆளிடம் திரும்ப வருகிறேன். முகம் தெரியாது, பெயர் ஏதோ எழுத்தும் எண்ணும். மூன்று ஆட்டம் தொடர்ந்து ஆடினோம். முதல் ஆட்டத்தில் அவர் எல்லாரிடமும் ஆடுகிற ஆட்டத்தைத்தான் ஆடினார். உதவிக்குத் தன் டீமிலிருக்கிற மார்வெல் வில்லன் டாக்டர் டூமைக் கூப்பிடுவார். டூம் முன்னால் நின்று ஒளிக்கற்றையை விடும்போது வெஸ்கர் மறைந்து பின்னால் வருவார். இந்தக் கேமில் தடுப்பது என்றால் எதிராளிக்கு எதிர்ப்பக்கம் குச்சியைப் பிடிப்பது. எதிராளி எந்தப் பக்கம் என்பதே ஒரு நொடிக்குள் மாறிவிட்டால் எதைப் பிடிப்பது? இரண்டாவது ஆட்டத்தில் நான் கொஞ்சம் சுதாரித்து, டூம் வந்ததுமே மேலே தாவ ஆரம்பித்தேன். நாலைந்து தடவை தப்பித்தேன். மூன்றாவது ஆட்டத்தில் அவர் டூமைக் கூப்பிட்டார், நான் தாவினேன், வெஸ்கர் மறையவே இல்லை. நின்ற இடத்திலேயே நின்று நான் இறங்குவதற்காகக் காத்திருந்தார்.

தோற்ற எரிச்சல் வர வேண்டிய இடம். வரவில்லை. யாரோ ஒருவர் என்னை ஐந்தே நிமிடத்தில் படித்துவிட்டார் என்ற ஆச்சரியம்தான் வந்தது. ஒரு கேலக்டஸும் எனக்கு அந்த மரியாதையைத் தந்ததில்லை.

எல்லா ஆன்லைன் ஆட்டமும் இப்படியா என்றால் இல்லவே இல்லை. உயிர்க்கோடு தீரப்போகிற நேரம் பார்த்து இணைப்பைப் பிடுங்கிவிட்டு ஓடுகிறவர்கள் உண்டு. ஒரே அடியைத் திரும்பத் திரும்ப அடித்துவிட்டு ஜெயித்ததும் போய்விடுகிறவர்கள் உண்டு. ஸ்மாஷில் பேச வழியில்லாததால் குனிந்து குனிந்து எழுவதுதான் மொழி. ஆட்டம் தொடங்கும்போது அப்படிச் செய்தால் வணக்கம். உங்களைக் கீழே தள்ளிவிட்டுச் செய்தால் அதே அசைவு கேலி.

நடுவில் இருக்கிற கம்பி

தனியாக ஆடும்போது பட்டனுக்கும் திரைக்கும் நடுவில் உங்கள் டிவியும் கண்ட்ரோலரும்தான். ஆன்லைனில் நடுவில் ஒரு தூரம் வந்துவிடுகிறது. இந்த கேம்கள் நொடிக்கு 60 ஃபிரேம் ஓடுகின்றன. ஒரு ஃபிரேம் என்பது சுமார் 16.7 மில்லிசெகண்ட். பிங் 100 என்று காட்டினால் அது போக வர ஆகும் நேரம், ஒரு வழிக்கு 50 மில்லிசெகண்ட். அதாவது உங்கள் பட்டன் எதிராளியிடம் போய்ச் சேரவே மூன்று ஃபிரேம் ஆகிவிடுகிறது.

இதைச் சமாளிக்க இரண்டு வழி உண்டு. பழைய வழி, எதிராளியின் பட்டன் வந்து சேரும் வரை உங்கள் பட்டனையும் நிறுத்திவைப்பது. அது டிலே. ஆட்டம் தண்ணீருக்கடியில் நடப்பது போல இருக்கும். இணைப்பு ஏறி இறங்கினால் அந்தத் தண்ணீரின் கனமும் ஏறி இறங்கும். தனியாக உட்கார்ந்து விரலுக்கு ஏற்றிய காம்போ, அதாவது அடுத்தடுத்துக் கோத்த அடிகள், நடுவில் அறுந்துபோவது இதனால்தான். புது வழி ரோல்பேக். எதிராளி போன நொடி எதைப் பிடித்திருந்தாரோ அதையே இந்த நொடியும் பிடித்திருப்பார் என்று கேமே ஊகித்துக்கொண்டு ஓடும். ஊகம் தப்பினால் சத்தமில்லாமல் சில ஃபிரேம் பின்னால் போய், சரியானதை வைத்துத் திரும்ப ஓட்டிக்காட்டும். எதிராளியின் குத்து பாதியிலிருந்து தொடங்கியது போலத் தெரியும். ஆனால் உங்கள் பட்டன் உங்களுக்கு உடனே வேலை செய்யும்.

2006-ல் டோனி கேனன் இதற்காக எழுதிய ஜிஜிபிஓ என்கிற மென்பொருள், 2019-ல் யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று திறந்துவிடப்பட்டது. அதற்குப் பிறகு நிலைமை வேகமாக மாறியது. 2018-ல் டிலேயோடு வந்த பிளேஸ்ப்ளூ கிராஸ் டேக் பேட்டில், 2022-ல் ரோல்பேக்குக்கு மாறியது. 2024 செப்டம்பரில் வந்த மார்வெல் வெர்சஸ் கேப்காம் ஃபைட்டிங் கலெக்‌ஷன், 1990-களின் ஆர்கேட் கேம்களையும் மார்வெல் வெர்சஸ் கேப்காம் 2-ஐயும் ரோல்பேக்கோடு தந்தது. வேடிக்கை ஸ்மாஷில்தான். 2001-ல் வந்த பழைய ஸ்மாஷ் கேமான மெலீக்கு, ரசிகர்கள் எழுதிய ஸ்லிப்பி என்கிற மென்பொருள் மூலம் 2020-ல் ரோல்பேக் கிடைத்துவிட்டது. 2018-ன் அல்டிமேட் இன்னும் டிலேயில்தான் ஓடுகிறது. தனி ஆட்டத்துக்கு அதுதான் சிறந்த கேம் என்று மேலே சொன்னேன்; ஆன்லைனுக்கு அதை முதலில் சொல்ல மாட்டேன்.

ஆன்லைன் என்று முடிவு செய்துவிட்டால் வைஃபையை மறந்துவிடுங்கள். கம்பி இழுங்கள். ரோல்பேக் எவ்வளவு நன்றாக இருந்தாலும், எதிராளியின் வைஃபை விக்கினால் உங்கள் திரையும் சேர்ந்துதான் விக்கும்.

விளக்கு அணைந்த பிறகு

இன்னொன்று, கிராஸ்ஓவர் கேமுக்கே உள்ள தலைவலி. பல வீட்டுப் பிள்ளைகளை வைத்துச் செய்த கேம் என்பதால் எல்லா வீட்டுச் சம்மதமும் இருக்கிற வரைதான் விற்பனையில் இருக்கும். அல்டிமேட் மார்வெல் 3-ம் மார்வெல் வெர்சஸ் கேப்காம் 2-ம் 2013 கடைசியில் டிஜிட்டல் கடைகளிலிருந்து இறங்கின. முந்தையது திரும்பி வர மூன்று வருடம் ஆனது. பிந்தையது 2024 தொகுப்பு வரை காத்திருந்தது. விற்பனை நின்றால் புது ஆட்கள் வர மாட்டார்கள். பழைய கைகள் மட்டும் மிஞ்சுகிற ஆன்லைனில் புதிதாக ஒருவர் நுழைந்தால் அடிதான் விழும்.

சர்வரே போவது அதற்கும் மேல். 2012-ன் பிளேஸ்டேஷன் ஆல்-ஸ்டார்ஸ் பேட்டில் ராயலின் சர்வர்கள் சில வருடங்களில் நின்றன. பேட்மேனும் பக்ஸ் பன்னியும் சேர்ந்து அடித்துக்கொண்ட மல்டிவெர்சஸ் 2024 மே மாதம் முழு வெளியீடு கண்டு, அடுத்த வருடம் அதே மே மாதம் 30-ஆம் தேதி ஆன்லைனை மூடியது. மூடுவதற்கு முன் உள்ளே போய் வந்து சேமித்துவைத்தவர்கள் மட்டும் அதைத் தனியாகவோ பக்கத்தில் உட்கார்ந்தோ ஆடலாம். ஆன்லைனுக்கென்றே பிறந்த ஒரு கேமில் கடைசியில் மிஞ்சியது தனி ஆட்டம்.

ஆகவே, எதை வாங்கலாம் என்று கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, உனக்கு அந்த ஆட்கள் வேண்டுமா, அடிதடி வேண்டுமா என்பதுதான். ஆட்கள் என்றால் ஸ்மாஷ் அல்டிமேட், இணைப்பே இல்லாமல் மாதக்கணக்கில் ஓடும். அடிதடி என்றால் ரோல்பேக் இருக்கிற எதையாவது, அதுவும் வெளியான சூட்டோடு. எல்லாரும் தடவிக்கொண்டிருக்கிற முதல் மாதத்தில்தான் உங்களைப் போன்ற ஆள் கிடைப்பார். ஆன்லைனுக்கு கன்சோலில் பெரும்பாலும் தனிச் சந்தா உண்டு, பிசியில் பெரும்பாலும் கிடையாது என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

நானே எப்படி ஆடுகிறேன் என்றால், வெஸ்கர் ஆளிடம் தோற்ற அன்று இரவு டிரெய்னிங் மோடுக்குப் போனேன். எதிரில் நிற்கிற டம்மிக்கு வெஸ்கரையும் டூமையும் கொடுத்து, அவர் செய்ததை நானே செய்து பதிவு செய்தேன். டூம், மறைவு, பின்னால் அடி. அப்புறம் இன்னொரு பதிவு: டூம், மறையாமல் நிற்பது. ஒன்றை ஓடவிட்டுத் தடுத்தேன், மற்றதற்கு மாற்றினேன், திரும்ப முதலாவது. ஒரு வாரத்தில் பத்துக்கு ஏழு பழகிவிட்டது. வக்கீல் ஓர் ஆதாரம் எடுத்துவிடுகிற அளவுக்கு இடைவெளியும் கண்டுபிடித்துவிட்டேன்.

அந்த எழுத்தும் எண்ணுமான பெயர் அதற்குப் பிறகு ஆன்லைனில் ஆட்கள் கூடுகிற லாபியில் தென்படவே இல்லை. டம்மி மட்டும் இன்னும் அவர் மாதிரியே மறைந்து மறைந்து வருகிறது.